குறித்த நாள் வந்து போய்விட்டது, இனி என்ன?

கேள்வி: எங்கள் ஜெபக்குழுவை நடத்தும் ஊழியர், வேத வசனங்களைக் கணக்கிட்டு ஆண்டவரின் வருகைக்கு நாள் குறித்தார். முழு மனதோடு நம்பினேன். வேலையை விட்டேன். சேமிப்பில் பெரும்பகுதியைத் துண்டுப் பிரசுரங்களுக்குக் கொடுத்தேன். மகள் கல்லூரியில் சேர வேண்டிய ஆண்டு அது, "இனிப் படிப்பு எதற்கு?" என்று நானே தடுத்துவிட்டேன். அன்றிரவு விடிய விடிய ஜெபித்தோம். ஒன்றும் நடக்கவில்லை. இப்போது ஊழியர், "நம்மில் சிலருடைய விசுவாசக் குறைவால்தான் தாமதம்" என்று சொல்லி, வேறொரு நாள் குறித்திருக்கிறார். உறவினர் முகத்தில் விழிக்க முடியவில்லை. என் மனைவி ஆரம்பத்திலிருந்தே இதை நம்பவில்லை. ஆனாலும் குத்தலாக ஒரு சொல் சொன்னதில்லை. புதிய நாளுக்குக் காத்திருப்பதா, விசுவாசத்தையே விட்டுவிடுவதா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

அன்புள்ள சகோதரருக்கு,

புதிய நாளுக்குக் காத்திருக்காதீர்கள். விசுவாசத்தை விடுவதா வேண்டாமா என்பதை மட்டும் இப்போது முடிவு செய்யாதீர்கள். இவை இரண்டு தனித்தனிக் கேள்விகள். குறித்த நாளை நம்பாதவன் கடவுளையே நம்பாதவன் என்று யாரோ உங்கள் மனதில் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டிருக்கிறார்கள்.

உங்கள் கடிதத்தில் வெட்கம் தெரிகிறது, கோபமும் கொஞ்சம் தெரிகிறது. துக்கம் என்ற சொல்லை மட்டும் நீங்கள் எழுதவே இல்லை. உங்களுக்கு நேர்ந்திருப்பது துக்கம்தான். அழுகை இல்லாத ஓர் உலகம் சில வாரங்களில் வந்துவிடும் என்று நம்பி வாழ்ந்தவர் நீங்கள். இறந்துபோனவர்களைப் பார்க்கப் போகிறோம் என்றுகூட எண்ணியிருப்பீர்கள். அதெல்லாம் ஒரே இரவில் கைவிட்டுப் போயிருக்கிறது. அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற விவசாயி தானியேல் புத்தகத்தின் 2300 நாட்களைக் கணக்கிட்டு, வருகை 1843 வாக்கில் நிகழும் என்று பிரசங்கித்தார். பிறகு அவருடைய இயக்கத்தார் 1844 அக்டோபர் 22 என்று நாளையே குறித்தார்கள். அன்றிரவு காத்திருந்தவர்களில் ஒருவரான ஹைரம் எட்சன், பொழுது விடியும்வரை அழுதுகொண்டே இருந்ததாகப் பின்னாளில் எழுதினார். "என்ன, இன்னும் மேலே போகவில்லையா?" என்ற கேலியை அவர்கள் தெருவிலும் கடையிலும் கேட்க வேண்டியிருந்தது. நீங்கள் உறவினர் வீட்டு விசேஷங்களைத் தவிர்ப்பதும் இந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் என்று நினைக்கிறேன்.

அவர்களுக்குப் பிறகு என்ன ஆயிற்று என்பது உங்களுக்குப் பயன்படும். சிலர் பழைய சபைகளுக்குத் திரும்பினார்கள். சிலர் மதத்தையே விட்டார்கள். சிலர் நாள்மேல் நாளாகக் குறித்துக்கொண்டே போனார்கள். வேறு சிலர், நாள் சரிதான், நிகழ்ச்சி பூமியில் நடக்காமல் பரலோகத்தில் நடந்தது என்று பொருள் சொன்னார்கள். அந்தப் பிரிவிலிருந்து 1863இல் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபை உருவானது. மில்லரோ கணக்குத் தவறியதை ஒப்புக்கொண்டார். ஆனால் ஆண்டவர் வருவார் என்ற நம்பிக்கையை 1849இல் இறக்கும்வரை விடவில்லை. முன்னே போகவும் முடியாமல் பின்னே திரும்பவும் முடியாமல் நிற்பதாக உங்களுக்குத் தோன்றலாம். உங்களுக்கு முன்னால் நின்றவர்கள் பல வழிகளில் நடந்து போயிருக்கிறார்கள்.

தீர்க்கதரிசனம் பொய்த்தால் விசுவாசிகள் முன்னைவிடத் தீவிரமாகப் பிரசாரம் செய்வார்கள் என்று லியான் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 1950களில் எழுதினார்கள். அவர்கள் ஒரே ஒரு சிறு குழுவைத்தான் நெருங்கிப் பார்த்தார்கள், அதுவும் தாங்கள் யாரென்று சொல்லாமல் உள்ளே ஆட்களை அனுப்பி. அதை எல்லோருக்குமான விதியாக நான் எடுத்துக்கொள்வதில்லை. நீங்களும் அப்படித்தான் நடந்துகொள்வீர்கள் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கலங்கவைத்தது, "விசுவாசக் குறைவால்தான் தாமதம்" என்ற வாக்கியம். தென்னாப்பிரிக்காவின் ஹோசா மக்களிடையே 1856இல் நோங்கவுசே என்ற சிறுமி, முன்னோர்கள் தன்னிடம் பேசியதாகச் சொன்னாள்: மாடுகளை எல்லாம் கொல்லுங்கள், விதைக்காதீர்கள், இறந்தவர்கள் எழுவார்கள், புதிய மந்தைகள் வரும். நோயால் மாடுகள் ஏற்கெனவே செத்துக்கொண்டிருந்த, காலனி ஆட்சி நிலத்தைப் பறித்துக்கொண்டிருந்த காலம் அது. மக்கள் நம்பினார்கள். குறித்த நாள் பொய்த்தபோது, மாடுகளைக் கொல்ல மறுத்தவர்கள்மீது பழி விழுந்தது. மீண்டும் கொன்றார்கள், மீண்டும் நாள் வந்து போனது. ஏறத்தாழ 4 லட்சம் மாடுகள் அழிந்தன. சுமார் 40,000 பேர் பட்டினியால் இறந்தார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். அந்த மக்களைப் பேதைகள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் நாள் பொய்த்ததற்கான பழியை நம்பியவர்கள் தலையிலோ நம்பாதவர்கள் தலையிலோ ஏற்றிவிட்டால், எத்தனை முறை பொய்த்தாலும் கணக்குப் போட்டவர் பதில் சொல்ல வேண்டியிராது. நீங்கள் வேலையைக் கொடுத்தீர்கள், சேமிப்பைக் கொடுத்தீர்கள், மகளின் ஓர் ஆண்டையும் கொடுத்தீர்கள். அதற்குமேல் எந்த விசுவாசத்தை உங்களிடம் எதிர்பார்க்கிறார்கள்?

பதில் சொன்னவர்களும் இருக்கிறார்கள். ஹரால்ட் காம்பிங் என்ற அமெரிக்க வானொலிப் போதகர் 2011 மே 21 என்றார். அது பொய்த்ததும் அக்டோபர் 21 என்றார். 2012 மார்ச்சில், தொண்ணூறு வயதில், நாள் குறித்தது பாவம் என்று கடிதம் எழுதி, இனி அந்த வேலையைச் செய்வதில்லை என்றார். உங்கள் ஊழியரிடமும் இதே நேர்மையைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அந்த நாளையும் நாழிகையையும் பிதா ஒருவரைத் தவிர யாரும் அறியார் என்று மத்தேயு 24ஆம் அதிகாரத்தில் இருப்பது அவருக்கும் தெரியும்.

இனிச் செய்ய வேண்டியதற்கு வருகிறேன். 1665, 66இல் சப்பத்தாய் செவி என்பவரே மேசியா என்று யூதர்கள் பலர் நம்பினார்கள். ஜெர்மனியில் வாழ்ந்த குளூக்கெல் என்ற பெண் தன் நினைவுக்குறிப்புகளில், தன் மாமனார் புனித பூமிக்குப் புறப்படத் தயாராகி இரண்டு பீப்பாய்களை அனுப்பி வைத்ததை எழுதியிருக்கிறார். அவற்றில் துணிகள், பட்டாணி, அவரை, உலர்ந்த இறைச்சி, உலர்ந்த பழம். அந்த மேசியா 1666இல் சுல்தானின் முன்னிலையில் மதம் மாறிவிட்டார். பீப்பாய்கள் ஓராண்டுக்கு மேல் அப்படியே கிடந்தன. கடைசியில், உணவு கெட்டுத் துணியும் பாழாகிவிடும், உணவை மட்டும் வெளியே எடுத்துவிடுங்கள் என்று மாமனார் வீட்டார் குளூக்கெலுக்கு எழுதினார்கள். துணி இருந்தது. புறப்படும் ஆசையும் இன்னும் சில ஆண்டுகள் இருந்தது.

நீங்களும் கெட்டுப்போகக்கூடியதை முதலில் எடுத்து வெளியே வையுங்கள். அதில் முதலாவது உங்கள் மகளின் படிப்பு. "அப்பா தவறு செய்துவிட்டேன்" என்று அவளிடம் நேராகச் சொல்லுங்கள். கூடவே ஒரு வசனமோ விளக்கமோ சேர்க்காதீர்கள். அடுத்த சேர்க்கை எப்போது என்று அவளுடன் உட்கார்ந்து பாருங்கள். பிறகு வேலை. பழைய இடத்தில் கேளுங்கள். கிடைக்காவிட்டால் சம்பளம் குறைந்த வேலையானாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். நாள் சமீபித்தது என்ற பேச்சைக் கேட்டுக் கலங்கியவர்களுக்குப் பவுல் எழுதிய அதே நிருபத்தில்தான், அமைதியாக வேலை செய்து சொந்தச் சாப்பாட்டைச் சாப்பிடுங்கள் என்றும் இருக்கிறது. குழுவுக்கு இனிப் பணம் கொடுக்காதீர்கள். கொடுத்ததில் செலவாகாமல் மிச்சமிருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். தூக்கம் வராமல் தொடர்ந்தாலோ, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தாலோ உடனே மருத்துவரிடம் போங்கள்.

உறவினர் கேட்டால், "நாங்கள் எதிர்பார்த்தது நடக்கவில்லை" என்ற ஒரு வரி போதும். ஜெபிக்க வருகிறதென்றால் ஜெபியுங்கள். வராவிட்டால் சும்மா இருங்கள். வேறொரு சபையில், நாள் குறிக்காத ஒரு போதகரிடம் மனம் விட்டுப் பேசுவது நல்லது.

உங்கள் மனைவி குத்திப் பேசாததால் அவருக்கு வலியே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். நீங்கள் சம்பளம் இல்லாமல் இருந்த மாதங்களில் வீடு எப்படி நடந்தது, யாரிடம் கடன் வாங்கினார், எதை விற்றார் என்று இன்று இரவே கேளுங்கள். சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். கடன் இருந்தால் ஒரு தாளில் எழுதி, எதை முதலில் அடைப்பது என்பதை அவரே முடிவு செய்யட்டும்.