வாங்கிய உரிமம் எத்தனை, பயன்படுவது எத்தனை?

கேள்வி: எங்கள் பணியாளர் எண்ணிக்கை மூன்று ஆண்டுகளாகப் பெரிதாக மாறவில்லை. ஆனால் மென்பொருள் சந்தாச் செலவு ஒவ்வோர் ஆண்டும் ஏறுகிறது. விற்பனையாளரிடம் தள்ளுபடி கேட்பதைத் தவிர வேறு வழி உண்டா? – கணக்குப் பிரிவு மேலாளர் ஒருவர்

பதில்: தள்ளுபடியைக் கடைசியில் கேளுங்கள். தேவையில்லாத நூறு உரிமங்களைப் பத்து சதவீதம் குறைத்து வாங்கினாலும் தொண்ணூறு சதவீதம் வீண்தான். முதலில் மூன்று பட்டியல்களைத் தயாரியுங்கள்: ஒப்பந்தங்களின்படி நீங்கள் வாங்கியவை, நிர்வாகப் பக்கத்தில் யார் யாருக்கு ஒதுக்கப்பட்டுள்ளன என்ற விவரம், ஒவ்வொருவரும் கடைசியாக உள்நுழைந்த தேதி. மூன்றாவது பட்டியலை மனிதவளப் பிரிவின் பணியாளர் பட்டியலோடு ஒப்பிட்டால், வேலையை விட்டுச் சென்றவர்களின் பெயரில் இன்னும் பணம் கட்டிக்கொண்டிருப்பது பெரும்பாலும் முதல் நாளே தெரிந்துவிடும்.

அவர்களுடைய பழைய மின்னஞ்சல்கள் வேண்டும் என்பதற்காகவே பலர் உரிமத்தை நீக்காமல் வைத்திருக்கிறார்கள். மைக்ரோசாஃப்டின் மின்னஞ்சல் சேவையான எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் அந்த அஞ்சல் பெட்டியைப் பகிர்வுப் பெட்டியாக (பலர் சேர்ந்து பார்க்கும் பெட்டியாக) மாற்றினால் 50 ஜிபி வரை தனி உரிமம் தேவைப்படாது. சட்டக் காரணங்களுக்காக அழிக்காமல் காக்க வேண்டிய பெட்டிகளுக்கு மட்டும் உரிமம் தொடர வேண்டியிருக்கும். மறுபுறம், மூன்று மாதங்களாக யாரும் திறக்கவில்லை என்பதற்காக ஓர் உரிமத்தைக் கேட்காமல் பறிக்கவும் வேண்டாம். ஆண்டு இறுதிக் கணக்கு முடிப்பின்போது மட்டும் தேவைப்படும் மென்பொருள்கள் உண்டு.

இந்தக் கணக்கெடுப்பை எப்போது செய்கிறீர்கள் என்பதும் செலவைத் தீர்மானிக்கிறது. மைக்ரோசாஃப்ட் 2022-இல் கொண்டுவந்த புதிய வணிக முறையில், ஆண்டுச் சந்தாவில் எண்ணிக்கையைக் கூட்டுவது எந்நாளும் முடியும். குறைப்பதோ சந்தா தொடங்கிய அல்லது புதுப்பித்த முதல் 7 நாட்களுக்குள் மட்டுமே முடியும். அதைத் தவறவிட்டால் ஓராண்டுக்குக் காத்திருக்க வேண்டும். மாதச் சந்தாவில் அந்தக் கட்டு இல்லை, ஆனால் விலை 20 சதவீதம் அதிகம். எனவே நிலையான பணியாளர்களுக்கு ஆண்டுச் சந்தாவும், சில மாதங்களே இருக்கப் போகும் தற்காலிகப் பணியாளர்களுக்கு மாதச் சந்தாவும் எனப் பிரித்து வாங்குவதே சரியென்று கருதுகிறேன். புதுப்பிப்புத் தேதிக்கு மூன்று மாதங்கள் முன்பே நாள்காட்டியில் நினைவூட்டல் இருக்கட்டும். ஒப்பந்தம் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் வகையைச் சேர்ந்ததா என்பதையும் பாருங்கள்.

கேள்வி: எல்லோருக்கும் ஒரே உயர்நிலைத் தொகுப்பு வாங்கினால் நிர்வாகம் எளிது என்கிறார் எங்கள் தகவல் தொழில்நுட்பத் தலைவர். சரியா?

பதில்: எளிதுதான், அந்த எளிமைக்கு நீங்கள் விலை கொடுக்கிறீர்கள். மின்னஞ்சலும் வருகைப் பதிவும் மட்டும் பார்ப்பவருக்கு மைக்ரோசாஃப்ட் 365 இ5 போன்ற உயர்நிலைத் தொகுப்பு எதற்கு? பணியாளர்களை வேலையின் தன்மைப்படி மூன்று, நான்கு வகையாகப் பிரித்து, வகைக்கு ஒரு தொகுப்பு என்று முடிவு செய்யுங்கள். அதற்கு மேல் பிரித்தால் நிர்வாகம் உண்மையிலேயே சிக்கலாகிவிடும்.

கேள்வி: சர்வர்களை மெய்நிகராக்கிய (ஒரே சர்வரில் மென்பொருள் வழியாகப் பல கணினிகளை ஓட்டும்படி மாற்றிய) பிறகு வன்பொருள் செலவு குறைந்தது, உரிமச் செலவு குறையவில்லையே, ஏன்?

பதில்: உரிமம் சர்வர் பெட்டியை எண்ணுவதில்லை, பிராசசருக்குள் இருக்கும் கோர்களை, அதாவது கணக்கிடும் அலகுகளை, எண்ணுகிறது. விண்டோஸ் சர்வர் 2016 பதிப்பிலிருந்து ஒவ்வொரு பிராசசருக்கும் குறைந்தது 8 கோர், ஒவ்வொரு சர்வருக்கும் குறைந்தது 16 கோர் என்ற கணக்கு நடைமுறையில் உள்ளது. மைக்ரோசாஃப்டின் தரவுத்தள மென்பொருளான எஸ்க்யூஎல் சர்வரை மெய்நிகர் கணினிகளில் கோர் கணக்கில் வாங்கினால், ஒரு கணினிக்கு குறைந்தது 4 கோர். இரண்டே கோர் கொண்ட சிறிய தரவுத்தளக் கணினிக்கும் நான்குக்குத்தான் பணம். ஆகவே இத்தகைய சிறு தரவுத்தளங்களை ஒரே கணினியில் சேர்ப்பதும், எட்டு கோர் கொடுத்து இரண்டின் வேலையை மட்டும் செய்யும் கணினிகளைச் சுருக்குவதும் நேரடியான சேமிப்பு. சோதனைச் சூழலுக்கு இலவசமான டெவலப்பர் பதிப்பு இருக்கையில், அங்கே உற்பத்திச் சூழலுக்கான உரிமத்தைச் செலவிட வேண்டியதில்லை.

ஆரக்கிள் நிறுவனத்தின் தரவுத்தளத்தில் இன்னும் கவனம் தேவை. விஎம்வேர் போன்ற மெய்நிகராக்க மென்பொருளால் சர்வரைப் பிரிப்பதை, உரிமத் தேவையைக் குறைக்கும் வழியாக அந்நிறுவனம் ஏற்பதில்லை; ஒரு மெய்நிகர் கணினியில் தரவுத்தளம் இருந்தாலும், அது ஓடக்கூடிய சர்வர்கள் அனைத்தின் கோர்களையும் கணக்கில் கேட்பதுண்டு. தரவுத்தளத்துக்கெனத் தனிச் சர்வர்களை ஒதுக்கிவிடுவதே பாதுகாப்பானது. செயலிகளை எழுதவும் ஓட்டவும் உதவும் ஜாவாவுக்கு ஆரக்கிள் 2023 ஜனவரியில் கொண்டுவந்த சந்தா முறை, பயன்படுத்துபவர்களை அன்றி நிறுவனத்தின் மொத்தப் பணியாளர்களையே எண்ணுகிறது. பகுதிநேரத்தவரும் தற்காலிகப் பணியாளர்களும் அதில் அடக்கம். டெமுரின், கொரெட்டோ போன்ற இலவச ஓப்பன்ஜேடிகே (ஜாவாவின் திறந்த மூல வடிவம்) வெளியீடுகளுக்கு உங்கள் செயலிகள் மாறக்கூடுமா என்று சோதித்துப் பார்ப்பது பயனுள்ள வேலை.

கேள்வி: மென்பொருள் நிறுவனத்திடமிருந்து தணிக்கைக் கடிதம் வந்துள்ளது. உடனே கூடுதல் உரிமங்களை வாங்கிவிடலாமா?

பதில்: அவசரம் வேண்டாம், எதையும் அழிக்கவும் வேண்டாம், அது மறைப்பதாகவே பார்க்கப்படும். வந்திருப்பது ஒப்பந்த விதியின்படியான தணிக்கையா, அல்லது விற்பனைப் பிரிவின் 'விருப்ப மதிப்பாய்வு' அழைப்பா என்று முதலில் பாருங்கள். பின்னதற்கு ஒப்பந்தம் உங்களைக் கட்டாயப்படுத்தாத வரை இணங்க வேண்டியதில்லை. தணிக்கைதான் என்றால், முன்னறிவிப்புக் காலம் எவ்வளவு, எந்தத் தயாரிப்புகள் அதன் வரம்பில் உள்ளன என்பதை வழக்கறிஞரோடு சேர்ந்து படியுங்கள். பதிலளிக்க ஒரே ஒருவரை நியமியுங்கள். அவர்கள் கணக்கெடுக்கும் முன் உங்கள் கணக்கை முடித்துவிடுங்கள். அவர்கள் தரும் நிரல் திரட்டும் தரவின் ஒரு பிரதி உங்களிடம் இருக்க வேண்டும்.

கேள்வி: இலவச மென்பொருளுக்கு மாறிவிட்டால் இந்தத் தலைவலியே இல்லைதானே?

பதில்: போஸ்ட்கிரெஸ்க்யூஎல் தரவுத்தளம், லிப்ரேஆபிஸ் அலுவலகத் தொகுப்பு போன்றவற்றில் உரிமக் கட்டணம் இல்லை, பராமரிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். ஆனால் பதிவிறக்க இலவசமாக இருப்பதெல்லாம் நிறுவனங்களுக்கும் இலவசம் அல்ல. நிரலாளர்கள் செயலிகளை உருவாக்கிச் சோதிக்கப் பயன்படுத்தும் டாக்கர் டெஸ்க்டாப்பை 250 பணியாளர்களோ 1 கோடி அமெரிக்க டாலர் ஆண்டு வருவாயோ எட்டிய நிறுவனம் பயன்படுத்தினால் கட்டணச் சந்தா தேவை; அதை நிரலாளர்கள் தங்கள் கணினிகளில் தாங்களே நிறுவிக்கொள்வதால், கொள்முதல் பிரிவின் எந்தப் பட்டியலிலும் அது இருக்காது.