60 கி.மீ. வேகத்தில் எஸ்யூவி நடுங்குகிறது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை முழுசாக மாற்றணுமா?

அவசரப்படாதீர்கள். சீரான வேகத்தில், ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தால் மட்டும் நடுக்கம் என்றால், முதல் சந்தேகம் டார்க் கன்வர்ட்டருக்குள் (இன்ஜின் விசையை ஆயில் வழியாக கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) இருக்கும் லாக்-அப் கிளட்ச் மீதுதான்; சீரான வேகத்தில் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் நேரடியாகப் பிணைப்பது இதுதான். (டூயல் கிளட்ச் வண்டிகளுக்கு இது பொருந்தாது.)

காலி ரோட்டில் நடுக்கம் வரும்போது ஆக்சிலரேட்டரை எடுக்காமல், பிரேக் லைட் எரியும் அளவுக்கு மட்டும் பிரேக்கைத் தொடுங்கள். பெரும்பாலான வண்டிகளில் அப்போது லாக்-அப் விடுபடும். நடுக்கம் சட்டென நின்றால் கன்வர்ட்டர் பக்கம். தொடர்ந்தால் இன்ஜின் மிஸ்ஃபயர், மவுன்ட், டிரைவ் ஷாஃப்ட் பாருங்கள். ஸ்கேனரில் (வண்டியின் கோளாறு குறியீடுகளைப் படிக்கும் கருவி) பி0741 வந்தால் லாக்-அப் வழுக்குகிறது அல்லது பிடிக்கவே இல்லை. பி0700 வெறும் பொது எச்சரிக்கை, அதை வைத்து எதையும் மாற்றக்கூடாது.

அடுத்து கியர்பாக்ஸ் ஆயில். டிப்ஸ்டிக் இல்லாத வண்டிகளில் லெவல் பிளக் வழியாகத்தான் பார்க்கணும்: வண்டி சமதளத்தில், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, ஆயில் சூடு மேனுவல் சொல்லும் அளவில் (பல 6-ஸ்பீடு ஹூண்டாய்களில் 50–60 டிகிரி). பிளக்கைத் திறந்ததும் மெல்லிய இழையாக வடிந்தால் அளவு சரி. கருத்து, தீய்ந்த வாடை அடித்தால் மாற்றுங்கள். ஒருமுறை வடித்தால் பாதிதான் வெளியேறும், மீதி கன்வர்ட்டரில் தங்கிவிடும். ஆகவே இடையில் ஓட்டி, இரண்டு மூன்று முறை வடித்து நிரப்பணும். ‘எல்லா வண்டிக்கும் ஆகும்’ ஆயில் வேண்டவே வேண்டாம்; உராய்வுத்தன்மை மாறினாலே நடுக்கம் வரும். பிறகு ஸ்கேனரில் அடாப்டேஷன் ரீசெட் (கியர்பாக்ஸ் கற்றுவைத்த பழைய அளவுகளை அழிப்பது).

அதற்கும் அடங்காவிட்டால் லாக்-அப் சோலினாய்ட் (லாக்-அப்புக்குப் போகும் ஆயிலைக் கட்டுப்படுத்தும் மின்வால்வ்), வால்வ் பாடி (கியர்பாக்ஸுக்குள் ஆயிலைப் பிரித்து அனுப்பும் பாகம்), கடைசியாகக் கன்வர்ட்டர். வடித்த ஆயிலில் உலோகச் சீவல் மின்னினால் மட்டும் கியர்பாக்ஸைப் பிரிக்கிற பேச்சு.