ட்ரக்குக்கு ஒளித்து வைக்கும் சுவிட்ச்: ஸ்காபரோவுக்குப் புதிதாய் வந்த தம்பிக்கு

தம்பி, வந்து ஒரு வருடம் ஆகமுன்னமே பழைய ஃபோர்ட் எஃப்-150 ஒன்று வாங்கி, வீடு திருத்தும் வேலையில் இறங்கிவிட்டீர் என்று அறியச் சந்தோசம். பக்கத்து வீட்டு வாகனம் களவு போனதிலிருந்து நித்திரை இல்லை, கில் சுவிட்ச் ஒன்று, அதாவது வயரை இடையில் வெட்டி இஞ்சினை ஓடவிடாமல் செய்யும் ஒளித்த சுவிட்ச், போட்டால் காணுமா என்று கேட்டிருந்தீர். கட்டாயம் போடும். ஆனால் எந்த வயரை வெட்டிப் போடுகிறார்கள் என்பதைக் கேட்காமல் போடாதையும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு மாசி மாதம், இரவு முழுக்கப் பனி. விடிய ஐந்து மணிக்கு வேலைக்குப் போகக் கதவைத் திறந்தால் டிரைவ்வே எல்லாம் வெள்ளை, ட்ரக் நின்ற இடம் மட்டும் நீள்சதுரமாய்க் கறுத்துக் கிடக்கிறது. அதன்மேல் மெல்லிசாய்ப் புதுப் பனி விழத் தொடங்கியிருந்தது. கொண்டுபோய் அரை மணித்தியாலமும் ஆகியிருக்காது. உடைந்த கண்ணாடித் துண்டு ஒன்றுகூட இல்லை. திறப்பு இரண்டும் வீட்டுக்குள் கொளுவியில் தொங்கின.

2007 செப்டெம்பரிலிருந்து கனடாவில் விற்கும் புது வாகனங்களில் இம்மொபிலைசர் இருக்க வேண்டும் என்பது சட்டம். திறப்பிலுள்ள சிப்பை அடையாளம் கண்டால்தான் இஞ்சின் ஸ்ராட் ஆகும். இப்போதைய கள்ளர் அதை உடைப்பதில்லை, ஏமாற்றுகிறார்கள். பட்டன் அமத்தி ஸ்ராட் பண்ணும் வாகனமென்றால், வீட்டுக்குள் இருக்கும் திறப்பின் சிக்னலை வாசலில் நின்று இழுத்து நீட்டுகிறார்கள். இல்லாவிட்டால் உள்ளே ஏறி, மெக்கானிக் கணினி செருகும் சொக்கட்டில் கருவியைச் செருகிப் புதுத் திறப்பே செய்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு ட்ரக்கின் கணினிக்கு அவன்தான் சொந்தக்காரன். நாங்கள் தனியாகப் போடும் சுவிட்ச் அந்தக் கணினிக்குத் தெரியாத ஒன்று. அதனால்தான் நாற்பது டொலர் சாமானும் வேலை செய்கிறது.

சரி, எந்த வயர்? சிலர் பெற்றோல் பம்ப் வயரை வெட்டிச் சுவிட்ச் வைப்பார்கள். இஞ்சின் ஸ்ராட் ஆகி, குழாயில் இருக்கும் பெற்றோல் முடிந்ததும் நின்றுவிடும். கேட்க நல்லாய்த்தான் இருக்கும். ஆனால் அந்த இணைப்பு ஒரு நாள் தளர்ந்தால், நீர் 401 நெடுஞ்சாலையில் மணிக்கு நூறு கிலோமீற்றரில் போகும்போது இஞ்சின் நின்றுவிடும், ஸ்ரியரிங் இறுகிவிடும். ஸ்ராட்டர் பக்கம், அதாவது இஞ்சினை முதலில் சுழற்றிவிடும் மோட்டருக்குப் போகும் வயரில் போட்டால், எது பிழைத்தாலும் ட்ரக் ஸ்ராட் ஆகாது, அவ்வளவுதான். ஓடிக்கொண்டிருக்கும்போது ஒருநாளும் நிற்காது. பிள்ளைகளை ஏற்றி ஓடுகிற ட்ரக், தம்பி. ஸ்ராட்டர் பக்கமே போடும்.

வேலையும் திருத்தமாய் இருக்க வேண்டும். அடுத்த ட்ரக்குக்கு ஒரு கராஜில் மலிவாய்ப் போடுவித்தேன். வயரை முறுக்கி, ஒட்டும் ரேப்பைச் சுற்றி விட்டிருந்தார்கள். மைனஸ் இருபதில் அந்த ரேப் மரக்கட்டையாகி விலகி, வோன் (Vaughan) நகரில் ஒரு வேலைத்தலத்தில் மூன்று மணித்தியாலம் விறைத்துப்போய் நின்றேன். ஈயம் வைத்து ஒட்டி, சூட்டில் சுருங்கும் குழாய் போடுவீர்களா, ரிலே (சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சாமான்) வைப்பீர்களா என்று முதலே கேளும். முகத்தைச் சுளித்தால் வேறிடம் போம். சுவிட்சை ஸ்ரியரிங்குக்குக் கீழே வைக்க விடாதையும். கள்ளன் கை முதலில் போவது அங்கேதான்.

ஸ்ராட்டரை வெட்டுவதில் ஒரு ஓட்டை உண்டு. காலையில் திறப்பைப் போட்டு இஞ்சினைச் சூடாக ஓடவிட்டு, தேத்தண்ணி குடிக்க உள்ளே போனீரென்றால் அந்தச் சுவிட்சால் ஒரு பயனும் இல்லை. கள்ளன் ஏறி ஓட்டிக்கொண்டு போய்விடுவான். அதற்குப் பதிலாக, தூரத்திலிருந்தே இஞ்சினை ஸ்ராட் பண்ணும் ரிமோட் ஸ்ராட்டரில் சூடாக்கினால், திறப்பில்லாமல் பிரேக்கை மிதித்தவுடன் இஞ்சின் நின்றுவிடும்.

தூக்கி ஏற்றிக்கொண்டு போகிறவனை எந்தச் சுவிட்சும் மறிக்காது. அதற்குத்தான் ட்ரக் நிற்கும் இடத்தைக் காட்டும் ஜிபிஎஸ் கருவி. ஆப்பிளின் சின்ன இடங்காட்டி வில்லையான ஏர்டாக் மட்டும் போட்டுவிட்டு நம்பி இருக்காதையும். தெரியாத ஏர்டாக் கூட வருகிறது என்று கள்ளனுடைய ஐபோனே அவனுக்குச் சொல்லிவிடும். கப்பலில் அனுப்ப இரும்புக் கொள்கலனுக்குள் ஏற்றிப் பூட்டினால் சிக்னலும் தடைப்படும். 2024 வசந்தத்தில் மொன்றியல் துறைமுகத்தில் ஏறக்குறைய 600 களவு வாகனங்களை மீட்டதாகப் பொலிஸ் அறிவித்தது, பெரும்பாலானவை எங்கள் ஒன்ராறியோ வாகனங்கள். ஆகவே முதல் சில மணித்தியாலம்தான் முக்கியம். இடம் தெரிந்தாலும் நீர் தனியாய்ப் போய் நிற்காமல் பொலிசைக் கூப்பிடும். ஸ்ரியரிங்கில் போடும் இரும்புப் பூட்டையும் வாங்கும். அறுக்கலாம்தான், ஆனால் ஜன்னலால் பார்ப்பவன் அடுத்த ட்ரக்கைப் பார்ப்பான்.

இதற்கெல்லாம் முன்னம் நாளைக்கே காப்புறுதிக்காரருக்குப் போன் அடியும். ஒன்ராறியோவில் களவுக்கான காப்புறுதி கட்டாயமில்லை, நீர் கேட்டுச் சேர்த்தால்தான் உண்டு. புதிதாய் வருகிறவர்கள் கட்டுக்காசைக் குறைக்க அதை விட்டுவிடுகிறார்கள். ட்ரக் போனால் ஒரு சதமும் வராது. உம்முடைய ட்ரில்லும் வாளும் வேறு கணக்கு. வாகனக் காப்புறுதியில் வேலைச் சாமான் பெரும்பாலும் அடங்காது, தனியாகக் கேட்க வேண்டும். இரவில் அவற்றை வீட்டுக்குள் இறக்கி வையும், களைப்பாய் இருந்தாலும்.

கடைசியாக, முந்தின சொந்தக்காரர் ரிமோட் ஸ்ராட்டர் போட்டிருந்தாரா? பழைய முறையில் போடும்போது சிப் உள்ள திறப்பு ஒன்றை ஒரு சின்னப் பெட்டிக்குள் வைத்து டாஷுக்குக் கீழே கட்டிவிடுவார்கள். உமது ட்ரக்கின் திறப்பு ஒன்று ட்ரக்குக்குள்ளேயே கிடக்கலாம். இந்தச் சனி பின்நேரம் வீட்டுப் பக்கம் கொண்டுவாரும். கீழ்த் தட்டைக் கழற்றி இரண்டு பேருமாய்ப் பார்ப்போம்.