லயத்து மாட்டுக்கு எவ்வளவு கயிறு?

ஐயா,

கூண்டுக்கோழியும் பிராய்லர் பண்ணைக் கோழியும் படும் கஷ்டம் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். அதெல்லாம் முதலாளிமார் நடத்தும் தொழிற்சாலை. நாங்கள் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்துக்குப் பின்னால் ஒரே ஒரு பசு வைத்திருக்கிறோம். பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோம், புல்லறுத்துத் தலையில் சுமந்து வந்து போடுகிறோம். எங்களையும் அந்தக் கணக்கில் சேர்ப்பது நியாயமா?

வாசகர், பொகவந்தலாவ

அன்புள்ள நண்பருக்கு,

சேர்க்க மாட்டேன். பிராய்லர் ஐந்தாறு கிழமையில் இரண்டு கிலோவைத் தாண்டும்படி உருவாக்கப்பட்ட இனம். அந்தப் பாரத்தைக் கால் தாங்காமல் போவது பிறப்பிலேயே வருகிறது. கொட்டிலைப் பெரிதாக்கினாலும் தீராது. உங்கள் பசுவின் கஷ்டம் பெரும்பாலும் கயிற்றில்தான் இருக்கிறது.

1965இல் பிரித்தானியாவின் பிராம்பெல் குழு பண்ணை விலங்குக்குக் கேட்டது கொஞ்சம்தான்: எழும்ப, படுக்க, திரும்ப, உடம்பை நக்கிக்கொள்ள, கால் நீட்ட இடம். நம் மாட்டுப்பட்டிகள் பல இதிலேயே தோற்றுவிடும்.

மாடு பின்பக்கத்தை முதலில் தூக்கித்தான் எழும்பும். அதற்குத் தலையை இரண்டு மூன்று அடி முன்னே வீச வேண்டும். தீனித் தொட்டிச் சுவர் நெஞ்சுயரம், கயிறு ஒரு முழம் என்றால் எப்படி வீசும்? நாய் மாதிரி முன்னங்காலை ஊன்றி எழும்பும், இல்லாவிட்டால் படுக்கவே பயந்து நிற்கும். முழங்கால் வீக்கத்துக்கு மருந்து தேடுகிறவர்கள் கயிற்றைப் பார்ப்பதில்லை. சுவரை ஒன்றரை அடிக்கு இறக்குங்கள். படுத்தபடி தலையை விலாவில் சாய்க்குமளவுக்குக் கயிறு வேண்டும். தரை எட்டடிக்கு இரண்டு அங்குலம் சரியட்டும். மூத்திரம் தேங்கினால் குளம்பு ஊறி அழுகும், மடிநோயும் பின்னாலேயே வரும். மலைக் குளிரில் ஈரச் சீமெந்து வேறு. காய்ந்த மானாப்புல்லைப் பரப்பி, நனைந்ததும் மாற்றுங்கள்.

பத்து லீட்டர் கறக்கும் பசுவுக்கு நாளைக்கு 50, 60 லீட்டர் தண்ணீர் தேவை. பச்சைப்புல்லில் ஒரு பங்கு கிடைத்துவிடும் என்றாலும், காலை ஒரு வாளி, மாலை ஒரு வாளி போதாது.

சுற்றிலும் தேயிலை, மேய விட இடமில்லை. அது உங்கள் குற்றமில்லை. காணி உங்கள் கையில் இல்லை.

ஆனால் காளைக்கன்றைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. கிடாரி என்றால் பால் விடுவதும், காளை என்றால் அதன் பங்கையும் சேர்த்துப் பால்காரருக்கு ஊற்றுவதும் நடக்கிறதுதானே? 30 கிலோ கன்றுக்கு, பிறந்து ஆறு மணித்தியாலத்துக்குள் மூன்று லீட்டர் சீம்பால் போக வேண்டும். நோயை எதிர்க்கும் சத்தைக் குடல் உறிஞ்சுவது ஒரு நாளுக்குள் நின்றுவிடும். பிறகு எவ்வளவு ஊட்டினாலும் அந்தச் சத்து உடம்பில் சேராது, கழிச்சலில் சாகவும் கூடும். அயல்வீட்டுக்குச் சீம்பால் கொடுக்கும் வழக்கமிருந்தால், அடுத்த கறவையிலிருந்து கொடுங்கள்.