டெவில்ஸ் க்ரவுன்ல சுறா இருக்காமே, ஸ்நார்க்கலிங் (மூச்சுக்குழாய் மாட்டிக்கிட்டு தண்ணி மேல மிதந்தபடி உள்ள பாக்குறது) பண்ணலாமா?

தாராளமா பண்ணலாம். ஈக்வடார் நாட்டோட கலாபகோஸ் தீவுக்கூட்டத்துல ஃப்ளோரியானா தீவு பக்கத்துல இருக்குற இது பழைய எரிமலை வாய், கடல் அரிச்சு அரிச்சு இப்போ கறுப்புப் பாறை முனைங்க மட்டும் வட்டமா கிரீடம் மாதிரி வெளிய தெரியுது, மிச்சமெல்லாம் தண்ணிக்குள்ளதான். அங்க பெரும்பாலும் இருக்குறது வெண்முனைப் பாறைச் சுறா (whitetip reef shark), ராத்திரிதான் வேட்டையாடும், பகல்ல பாறை இடுக்குல சும்மா படுத்துக் கிடக்கும், நீங்க சீண்டாத வரைக்கும் அது உங்களைக் கண்டுக்காது. கிங் ஏஞ்சல்ஃபிஷ்ங்குற மீனைப் பாக்காம விட்டுடாதீங்க, கருநீல உடம்புல வெள்ளைக் கோடு, மஞ்சள் வால், அவ்ளோ அழகு! கடல் சிங்கக் குட்டி மூஞ்சிக்கிட்டயே வந்து எட்டிப் பாக்கும், கையை நீட்டிடாதீங்க. உண்மையில பயப்பட வேண்டியது நீரோட்டத்துக்கு, ரொம்ப வேகம், எதிர்த்து நீந்தாம அது போற போக்குல மிதந்து போங்க, படகு வந்து ஏத்திக்கும். ஜூன்லேர்ந்து நவம்பர் வரை தண்ணி ஜில்லுனு இருக்கும், வெட்சூட் (குளிர் தாங்குற நீச்சல் உடை) கண்டிப்பா வேணும்.