24 வயதில் சிரிப்புக்கோடு, ஃபில்லர் போடலாமா?
யாங்கோனில் இருக்கிறேன், 24 வயது, மூக்கோரத்திலிருந்து வாயோரம் வரை கோடு விழுகிறது, ஃபில்லர் (மடிப்பை நிரப்ப ஊசியில் ஏற்றும் ஜெல்) போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சிரிக்கும்போது மட்டும் தெரிந்தால் அது வெறும் மடிப்புதான், எல்லார் முகத்திலும் உண்டு. விட்டுவிடுங்கள்.

சும்மா இருக்கும்போதும் தெரிகிறதா? சரி, முதலில் வெயிலைக் கவனியுங்கள். தனாக்கா (மியான்மரில் பூசும் மரப்பட்டைக் குழம்பு) குளிர்ச்சிதான், நானும் பூசுகிறேன். ஆனால் சன்ஸ்கிரீனுக்கு ஈடாகாது. எஸ்பிஎஃப் (வெயில் தடுப்பு அளவு) 30க்குக் குறையாமல் வாங்கி, வெளியில் இருந்தால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூசுங்கள். அப்புறம் இரவில் ரெட்டினால் (வைட்டமின் ஏ வகை க்ரீம்), பட்டாணி அளவு, வாரத்துக்கு 2 இரவு என்று ஆரம்பிக்கலாம். கர்ப்பம் என்றால் தொடவே கூடாது. பலன் தெரியச் சில மாதங்கள் ஆகும். ஆழமான மடிப்பு இதில் மறையாது.

ஃபில்லர் தவறி ரத்தக்குழாய்க்குள் போனால் தோல் அழுகலாம், அபூர்வமாகப் பார்வையே போகலாம். மலிவு என்று அழகு நிலையத்தில் போட்டுவிடாதீர்கள். போடுவதென்றால் தோல் டாக்டரிடம் மட்டும்.