கேளுங்க, சொல்றேன்: மறுநாள் வெயில்தான் வம்பு!

என் மகனுக்கு ஸ்ரீநகருக்கு மாற்றல். ஜனவரியில் போய்ச் சேரணும். பனி கொட்டும்போது வெளியே போகாதே என்று சொல்லி வைத்திருக்கிறேன். வேறு என்ன சொல்லணும்?
- வாசகி, மதுரை

பனி கொட்டும்போது பக்கத்துக் கடை வரை தாராளமாகப் போய் வரட்டும் அம்மா. மேகம் மூடியிருப்பதால் அப்போது குளிர் அவ்வளவாகத் தெரியாது, புதுப்பனி பஞ்சு மாதிரி கிடக்கும். வம்பு மறுநாள்தான். வானம் வெளுத்து வெயில் அடிக்கும், பனி கொஞ்சம் உருகும், ராத்திரி மேகம் இல்லாததால் தரைச் சூடெல்லாம் மேலே போய்க் குளிர் மைனஸ் ஐந்து, ஆறு என்று இறங்க, உருகிய தண்ணீர் விடிவதற்குள் தெருவில் கண்ணாடியாகிவிடும். பார்த்தால் தார் ரோடு ஈரமாக இருக்கிற மாதிரிதான் இருக்கும். அங்கே என் முதல் குளிர்காலத்தில் பால் வாங்கப் போய் அப்படித்தான் தொப்பென்று உட்கார்ந்தேன். பால் பாக்கெட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, எனக்குத்தான் மூன்று வாரம் உட்கார முடியவில்லை. கோட்டுப் பைக்குள் கையை விடாமல், வாத்து மாதிரி குட்டிக் குட்டி அடியாக நடக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் கூரை. தகரக் கூரையை அங்கே நல்ல சரிவாகப் போடுவார்கள். வெயில் பட்டு அடிப்பனி இளகியதும் மேலே இருப்பது மொத்தமும் தடதடவென்று சரியும். சுவரோரமாக நடப்பதும் கூரைக்கடியில் பைக்கை நிறுத்துவதும் வேண்டாம்.

குழாயும் இதே கதைதான். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் உப்பும். குழாய் ராத்திரியே விரிசல் விட்டிருக்கும், ஆனால் பகலில் ஐஸ் இளகிய பிறகுதான் பீய்ச்சி அடிக்கும். அதனால் படுக்கப்போகும் முன் நூலாக ஒழுக விடுவார்கள். மீறி உறைந்துபோனால் குழாயைத் திறந்து வைத்து, வாய்ப் பக்கத்திலிருந்து ஆரம்பித்து வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றிக்கொண்டே போகணும். பிளாஸ்டிக் குழாய்க்கு நெருப்புக் காட்டினால் செலவு இரட்டிப்பு.

சில்லை கலான் என்கிறார்களே, அது என்ன?
- வாசகர், தஞ்சாவூர்

டிசம்பர் 21-ல் தொடங்கும் 40 நாள் கடுங்குளிர். நம் கணக்கில் மார்கழி முதல் வாரத்திலிருந்து பாதித் தை வரை. அடுத்த 20 நாள் சில்லை குர்த், அதற்கடுத்த 10 நாள் சில்லை பச்சா. பெரியது, சின்னது, குட்டி என்று குளிருக்கே குடும்பம் வைத்திருக்கிறார்கள். மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று நாம் சொல்லும்போது அங்கே குட்டி வந்திருக்கும்.

உடுப்புக்குள் நெருப்புச் சட்டியை வைத்துக்கொள்வார்களாமே, சுட்டுவிடாதா?
- வாசகர், கோவை

சுடும். காங்ரி என்பது மிலாறால் பின்னிய கூடைக்குள் மண்சட்டி, அதில் சாம்பல் மூடிய கரிக்கங்கு. பெரன் என்ற தொளதொள அங்கிக்குள் பிடித்துக்கொள்வார்கள். ஓட்டை விழுந்த பெரன் நிறையப் பார்க்கலாம். வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் சூடு பட்டு, தொடையிலும் வயிற்றிலும் தோல் புற்றுநோய் வருவதும் உண்டு, அதற்குப் பெயரே காங்ரி புற்றுநோய். ஆனால் உடனடி ஆபத்து வேறு. மூடிய அறையில் கரி அடுப்போ கேஸ் ஹீட்டரோ வைத்துத் தூங்கினால் கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளைக் கொன்றுவிடும். ஜன்னலை இரண்டு விரல் திறந்தே வைக்கணும், படுக்கும்போது அணைத்துவிடணும். மதுரை அம்மா, இதையும் மகனிடம் சொல்லிவிடுங்கள்.

ஸ்ரீநகருக்குப் போகும் ஜம்மு ரோடு பனியில் மூடிவிட்டால் காய்கறிக்கு என்ன செய்வார்கள்?
- வாசகி, சேலம்

கோடையிலேயே கத்தரி, சுரை, தக்காளியைக் கீறிக் காயவைத்துவிடுவார்கள். ஹொக் ஸ்யுன் என்று பெயர். கத்தரியைக் கயிற்றில் கோத்து மாலை மாலையாகக் கடையில் தொங்கவிட்டிருப்பார்கள், நம் கத்தரி வற்றலேதான். புளி மட்டும் ஊரிலிருந்து கொண்டுபோனால் வற்றல் குழம்பு வைத்துவிடலாம். நான் வைத்தேன்.